எட்டு, வலப்பக்கம்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதற்காக இல்லை. எந்த வரியில் எவ்வளவு பொய் கலந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்வார். அதற்குப் பயந்துதான்.

ஊரில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அதே மலையில் பிறந்து, கீழே போய்ப் படித்து, கேட்டு வாங்கிக்கொண்டு மலைக்கே திரும்பி வந்தவர். வேளாண்மை அலுவலகத்தின் விதைக் கிடங்குக்கு நான் மாற்றலாகிப் போனபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர் வீட்டுக்கு அடுத்த வீடுதான் எனக்கு வாடகைக்குக் கிடைத்தது.

அங்கே போன முதல் வாரத்திலேயே எனக்கு உடம்பு சரியில்லை. தலை சுற்றல், கை கால் அசதி. சுகாதார நிலையத்துக்குப் போனேன். தெர்மாமீட்டரைப் பார்த்தார், நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம். ஊரு புடிக்கல. அதுக்கு எங்கிட்ட மாத்திர இல்ல," என்றார்.

வரிசையில் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை ஊரை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டுமா?

அவர் அப்படித்தான். உள்ளது எதுவோ அது வாயில் வந்துவிடும். யார் முன்னால், எந்த நேரத்தில் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஒரு முறை கட்சிக்காரர் ஒருவரை நெஞ்சுவலி என்று ஒரு ஜீப் நிறைய ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அழுதுகொண்டிருந்தார், இன்னொருவர் சென்னைக்குப் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தயங்கியபடி நின்றார். சிஸ்டர் வாசலுக்கு வந்து, "நேத்து துன்ன பன்னிக்கறி இன்னும் கீழ எறங்கல. யாராச்சும் போய் ஒரு சோடா வாங்கினு வாங்க," என்றார். அழுதுகொண்டிருந்தவர்தான் போய் வாங்கி வந்தார்.

இதே வாய்க்காகத்தான் பெண்கள் மலை தாண்டி நடந்து வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மற்றவர்கள் ஒன்றுமில்லை என்றால் அதில் பாதி ஆறுதல் கலந்திருக்கும். இவர் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. இருந்தால் அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சில் கூடவே போவார்.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன்.

அங்கே போன புதிதில் தினமும் காலையில் பின்பக்கத்திலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். சிறிது நேரம் கழித்து இன்னொரு 'டங்'. ஒருநாள் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சிஸ்டர் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு ஏர் ரைபிளை வைத்துப் பலாமரத்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் குரங்குகள். கிளையிலிருந்து கயிற்றில் ஒரு எவர்சில்வர் தட்டு தொங்கியது. மரத்துக்குப் பின்னால் மண்மேடு. டங். குரங்குகள் பலாப்பழத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போயின.

"கொரங்க சுட்டா கேசு. தட்ட சுட்டா சத்தம். அவ்ளோதான் வித்தியாசம்," என்றார் என்னைப் பார்த்து.

அந்தத் தட்டு கல்யாணத்தின்போது புகுந்த வீட்டில் கொடுத்தது. அதில் அவருடைய மாமியார் பெயர் வெட்டியிருந்தது.

"பேரு நல்லா பெரிசா போட்டுக்கீது. அத்த பாத்துதான் குறி வெக்கறேன்."

துப்பாக்கி வேலூரில் வாங்கியது. லைசென்ஸ் தேவைப்படாத சாதாரண வகை. குழாயை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், ஒரு பெல்லட்டை வைத்து மூடிச் சுட வேண்டும். பெல்லட் என்பது ஒரு சின்ன ஈயக் குண்டு. உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடை போல விரிந்திருக்கும். நசுங்காமல் இருந்தால் நேராகப் போகும். விலை மலிவான டப்பாவில் பாதிக்குப் பாவாடை நசுங்கியிருக்கும். சிஸ்டர் டப்பாவை முறத்தில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்குவார். நசுங்கியது தட்டுக்கு, அதாவது மாமியாருக்கு. நல்லது காகிதத்துக்கு.

குரங்கை விரட்டத்தான் வாங்கியிருக்கிறார். தட்டில் பட ஆரம்பித்ததும் தட்டின் நடுவில் படுமா என்று பார்த்திருக்கிறார். அது பட ஆரம்பித்ததும் அச்சடித்த வட்டங்கள் உள்ள அட்டை வாங்கி வந்து, பழைய பஞ்சு மெத்தையை மடித்துக் கட்டி அதன்மேல் குத்திவிட்டார். நடுவில் பத்து, அதைச் சுற்றி ஒன்பது, எட்டு என்று குறைந்துகொண்டே போகும். அவருடைய கணவர் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர், பேச்சே கிடையாது. மனைவி ஒருவரே குடும்பத்துக்குப் போதுமான அளவு பேசிவிடுவதால் அவருக்கு அவசியம் ஏற்படவில்லை. மெத்தையை இழுத்துக் கட்டி, பின்னால் பலகை அடித்துக் கொடுத்தது அவர்தான்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வேலி தாண்டிப் போக ஆரம்பித்தேன். நானும் சுட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சுட்டவுடனே, அட்டையைப் பார்க்காமலே, எங்கே பட்டது என்று சொல்வார். "ஒம்போது, மேல." "ஏழு, எடப்பக்கம். மூச்சு வுட்டுட்டேன்." போய்ப் பார்த்தால் அது அங்கேயே இருக்கும். விசையை இழுக்கும் நொடியில் துப்பாக்கி எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்வது அது. கேட்பதற்குச் சுலபம். நான் சுட்டவுடன் எனக்கு எல்லாமே பத்தாகத்தான் தோன்றியது.

கோட்டில் பட்டும் படாமலும் இருக்கும் ஓட்டைகள்தான் எங்களுக்குள் சண்டை. நான் ஒன்பது என்பேன். அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்து, "எட்டு," என்பார்.

"கோட்ட தொட்டிருக்குக்கா."

"தொடல மேடம். தொடணும்னு ஆசப்பட்டுக்கீது."

சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ தரமாட்டார். "ஈயம். மூளைக்கு ஏறும். ஒனக்கு இருக்கறதே கொஞ்சம்."

காவலூர் வான் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவர் ஒரு முறை காலில் முள் ஏறி வந்தார். ராத்திரியெல்லாம் வேலை, பகலில் தூக்கம், பாவம் களைத்துப் போயிருந்தார். சிஸ்டர் முள்ளை எடுத்துக்கொண்டே, "அவ்ளோ தூரத்துல கீற நட்சத்திரம் தெரிது, கால்கீழ கீற முள்ளு தெரில?" என்றார். அவர் சிரித்துவிட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் சில தடவை வந்து சுட்டுப் பார்த்தார். மெத்தையில் பட்டால் போதும் என்ற அளவில் சுடுவார்.

"இவரு சுட்றத பாத்தா நட்சத்திரம் பத்தி சொல்றதெல்லாம் நம்பலாமான்னு தெரில," என்று அவர் முன்னாலேயே என்னிடம் சொன்னார் சிஸ்டர்.

பெல்லட்டோடு நின்றிருந்தால் வீட்டு விளையாட்டாகவே போயிருக்கும். வேலூரில் ஒரு ரைபிள் கிளப் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. உறுப்பினரானால் கிளப்பின் பாயின்ட் டூ டூ ரைபிளில், அவர்களுடைய மைதானத்திலேயே, நிஜத் தோட்டா போட்டுச் சுடலாம். சேர்ந்துவிட்டார். முதல் தடவை போய்விட்டு வந்த அன்று சமையல்கூடச் செய்யாமல் என் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தோட்டா எப்டி வெடிக்கிது தெரியுமா மேடம்? பெரிய துப்பாக்கி தோட்டாவுக்கு அடில நடுவுல தட்டணும். இதுக்கு மருந்து ஓரத்துல, விளிம்புலதான் கீது. எங்க வூட்டுக்காரரு மாதிரியே. நடுவுல எவ்ளோ வேணா தட்டு, ஒண்ணும் ஆவாது. ஓரமா லேசா ஒரு தட்டு, வெடிச்சிடும்."

ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்காமல் கழுவிக்கொண்டேயிருந்தார். அவர் வெடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தோட்டா விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு டீயும் வடையும் போச்சு என்பார். அதனால் மாதம் ஒரு முறை மட்டும் கீழே போய்த் தோட்டா. மற்ற நாளெல்லாம் பின்பக்கத்தில் பெல்லட். "பெல்லட்டு தெனிக்கும் துன்ற களி. தோட்டா பிரியாணி. களி துன்னுதான் ஒடம்பு ஏறணும்," என்பார். பெல்லட்டும் தீர்ந்த நாட்களில் வெறும் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைப் பார்த்தபடி நிற்பார். சுடாமலே "ஒம்போது" என்பார். கற்பனையில்கூட எல்லாவற்றையும் பத்தாகப் போட்டுக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

இந்த வாயைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போக முடியாத விஷயம் ஒன்று உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு காட்டுப்பன்றி அடிபட்டு, ஓடி வந்து, எங்கள் ஊர் ஓடைப் பக்கம் விழுந்து செத்துக் கிடந்தது. உடம்பில் ஈயக் குண்டுகள். யாரோ வனத்துறைக்குச் சொல்லிவிட்டார்கள். நர்ஸ் வீட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வனத்துறை ஜீப் நேராக அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. பாதி ஊர் கூடிவிட்டது. நானும் நின்றேன்.

வனவர் ஏர் ரைபிளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிஸ்டர் ஒரு பெல்லட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இத்த வெச்சி பன்னிய சுட்டா, முதுகு சொறிஞ்சி வுட்டேன்னு நெனச்சிக்கும் சார். செத்த பன்னி ஒடம்புல கீறது உருண்ட குண்டு. நாட்டுத் துப்பாக்கில போட்றது."

வனவருக்கும் அது தெரியும். ஆனாலும் மேலதிகாரிக்கு எதையாவது காட்ட வேண்டும். "இத எடுத்துனு போறோம்மா. விசாரிச்சிட்டுத் தர்றோம்," என்றார். பிறகு ஜீப்பில் ஏறப்போகிறவர் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். "அப்போ இந்த ஊர்ல நாட்டுத் துப்பாக்கி யாரு வெச்சிருக்கறது?"

ஊரே மரத்தையும் வானத்தையும் பார்த்தது. எல்லாருக்கும் தெரியும்.

"எந்தம்பி," என்றார் சிஸ்டர். "சாமக்கொல்லைய பன்னி அழிக்குதுன்னு வெச்சினு கீறான். மாட்டுக் கொட்டாய்ல மேல சொருவி வெச்சிருப்பான்."

அவருடைய அம்மா அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். திரும்பி நடந்து போய்விட்டார்.

தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏர் ரைபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊர் அதை இந்த வரிசையிலேயே பேசியது. தம்பியைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள் என்று டீக்கடையில் சொன்னார்கள். சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்கள் வந்தார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள், பேசாமல் போனார்கள்.

ஜாமீனுக்குக் கோர்ட்டுக்குப் போனவரும் சிஸ்டர்தான். நானும் கூடப் போனேன். வெளியே வந்த தம்பி அக்காவைப் பார்த்து, "ஜாமீனுக்கு ஓடியார்ற நேரத்துக்கு அன்னிக்கு வாய கொஞ்சம் மூடினு இருந்திருக்கலாம்," என்றார்.

"ஆமா, இருந்திருக்கலாம். இருக்க முடில. பஸ்ஸுக்கு நேரமாச்சி, வா."

தம்பி பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் வேலி ஓரம் நின்று நான் கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன். "அக்கா, அவர் கேட்டதாலதான் சொன்னீங்களா? இல்ல, துப்பாக்கி போய்டும்னா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த புடவையை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சரிசெய்தார்.

"ரெண்டும்தான்," என்றார்.

அந்தப் பதிலை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அடுத்தவர் விஷயத்தில் உண்மை பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் பேச்சு பெரும்பாலும் தங்கள் வாசல் வந்ததும் நின்றுவிடும். இவருக்கு அந்த இடத்திலும் நிற்கத் தெரியவில்லை. பொங்கலுக்கு அம்மா வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. இவர் போனார். "கூப்டல, வந்தேன்," என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். தட்டில் சோறு போட்டார்களாம், யாரும் பேசவில்லையாம். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். பல மாதம் கழித்துத் தம்பி மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து, நடுவில் ஒரு நாள் நிலைமை மோசமானபோது, அந்த வீட்டிலிருந்து இவரைத்தான் கூப்பிட்டார்கள். பொழைக்குமா என்று தம்பி கேட்டாராம். "பொழைக்கும்," என்றாராம். அதற்குமேல் யாரும் அழவில்லை என்று அவருடைய அம்மாவே என்னிடம் சொன்னார். குழந்தை பிழைத்தது. பேச்சு வார்த்தை அப்படித்தான் ஆரம்பமானது. தம்பி மட்டும் இன்னும் அக்காவிடம் அளந்துதான் பேசுகிறார். அதைப் பொறுத்துக்கொள்வது தான் தம்பிக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்பார் சிஸ்டர்.

அந்த வருஷம் வேலூர் கிளப்பில் பெண்களுக்கான போட்டி வைத்தார்கள். தரையில் படுத்துக்கொண்டு பாயின்ட் டூ டூவில் சுட வேண்டும். ஜெயிப்பவருக்குக் கோப்பை. கோப்பையைப் பற்றி சிஸ்டருக்குக் கவலை இல்லை. ஜெயித்தவர் கிளப் அணியில் சேருவார், அணியில் இருப்பவருக்கு ஒரு வருஷம் பயிற்சித் தோட்டா கிளப்பின் செலவு. அதைக் கேட்டதிலிருந்து பின்பக்கத்து மெத்தைக்கு ஓய்வே இல்லை. டூட்டிக்குப் போகுமுன் ஒரு அட்டை, வந்த பிறகு ஒரு அட்டை. நின்று சுட்டது போய், கோரைப்பாயைப் போட்டுப் படுத்துச் சுட ஆரம்பித்தார். "வருஷம் பூரா பிரியாணி மேடம்," என்றார். அவர் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

கணவர் போட்டியன்றைக்கு ஜீப் சவாரியை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "பதறாத," என்றார்.

மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சிஸ்டருக்கு இடப்பக்கத்துப் பாயில் ஒரு கல்லூரிப் பெண், சொந்தமாக விலையுயர்ந்த ஜாக்கெட், கையுறை எல்லாம் வைத்திருந்தாள். கடைசிப் பாயில் ஒரு பெண் போலீஸ், கான்ஸ்டபிள். நானும் சிஸ்டரின் கணவரும் பக்கவாட்டில், கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். சிஸ்டர் சுடச் சுட, உதடு அசைவது தெரிந்தது. நடுவர் பின்னால் வந்து குனிந்தார்.

"மேடம், ரேஞ்சுல பேசக்கூடாது."

"பேசல சார். எண்ணினு கீறேன்."

நன்றாகச் சுட்டார். கடைசி அட்டைக்கு முன்னால் போர்டில் அவர் பெயர்தான் மேலே இருந்தது. அவருக்குக் கீழே ஒட்டினாற்போல் கான்ஸ்டபிளும் கல்லூரிப் பெண்ணும்.

கடைசி அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தபோது நடுவர் மேசையில் ஏதோ குழப்பம். எல்லாரும் போய் எட்டிப் பார்த்தோம். ஒரு அட்டைக்குப் பத்துக் குண்டு. சிஸ்டருடைய அட்டையில் பதினொரு ஓட்டைகள். பக்கத்துக் கல்லூரிப் பெண்ணின் அட்டையில் ஒன்று குறைந்தது. பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குண்டு அடுத்தவர் அட்டைக்குப் போவது எப்போதாவது நடப்பதுதான். சுட்டவருக்கு அது பூஜ்யம். ஆனால் அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னுடைய குண்டு ஒன்று மேலே மண்ணுக்குப் போய்விட்டது, அடுத்த அட்டையில் சுடவில்லை என்று சொன்னாள். அவளுடைய அப்பாவும் சொன்னார்.

கிளப் செயலாளர் பெரிய மனிதர், சண்டை பிடிக்காதவர். விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "எது யாரோடதுன்னு நிச்சயமா தெரியலன்னா அட்டைக்காரங்களுக்கு அதிகமா இருக்கறதத்தான் குடுக்கணும். சிஸ்டருக்கு பதினொண்ணுல நல்லதா பத்து குண்ட எடுத்துக்கலாம். முடிஞ்சது," என்றார். கணக்குப் போட்டார்கள். சிஸ்டர் ஜெயித்திருந்தார்.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கணவர் என் பக்கத்தில் நின்று மெதுவாக, "இப்போ பாரு," என்றார்.

சிஸ்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அட்டைமேல் குனிந்தார்.

"இந்த மேல கீற பத்து என்னுது இல்ல சார். நான் ஒரு எட்டு சுட்டேன். வலப்பக்கம். இந்தா கீது பாருங்க. கையி அவசரப்பட்டுடுச்சி."

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நீங்க சும்மா இருந்தாலே போதும்."

"சும்மா இருந்தா எட்டு பத்தாய்டுமா சார்?"

கல்லூரிப் பெண்ணின் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ எம்பொண்ணு ஒங்க அட்டைல சுட்டுட்டான்னு சொல்றீங்களா?"

"ஆமாங்க. ஆனா பத்து சுட்டுக்கீது. நல்லா சுட்ற பொண்ணுதான். அட்டைதான் தப்பு."

அந்தப் பெண் அழுதுவிட்டாள். அப்பா அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டு சிஸ்டரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. செயலாளர் பேனாவை எடுத்துப் பத்தை அடித்துவிட்டு எட்டை எழுதினார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கான்ஸ்டபிள் முதலிடம். தனக்கு என்ன நடந்தது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

உண்மை பேசியதற்காக யாராவது பாராட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருவரும் பாராட்டவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டாருக்குக் கோபம், செயலாளருக்கு எரிச்சல், நடுவருக்குச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

திரும்பும் வழியில் ஆம்பூரில் பிரியாணிக் கடையில் நிறுத்தினார் கணவர். சிஸ்டர் சோப்பு கேட்டு வாங்கி முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் இலையில் சோற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தக் கோரைப்பாயும் காலையிலும் மாலையிலும் கேட்ட சத்தமும் எனக்குத்தான் தெரியும்.

"கோவமா மேடம்?"

"ஆமாக்கா."

"எனக்கும்தான்."

"யார் மேல?"

"எம்மேலதான். அந்த எட்ட எதுக்கு சுட்டேன்? அவரு பதறாதன்னு சொல்லிதான் அனுப்புனாரு." ஒரு கறித்துண்டை எடுத்துக் கணவர் இலையில் வைத்தார். "ஒன்னோட கோவம் வேற. அத்த நீயே வெச்சிக்க."

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார் என்று கணவர் மறுநாள் சொன்னார். நானாக இருந்தால் தூசி விழுந்தது என்று சொல்லியிருப்பேன். நான் போய் நின்றதும், "நேத்து நல்லா அழுதேன் மேடம். கண்ணு எரியுது. இன்னிக்கு சுட வேணாம்," என்றார்.

அடுத்த மாதம் கிளப்புக்குப் போனபோது கான்ஸ்டபிள் அவருக்காகக் காத்திருந்தார். கையில் அணியில் தனக்குக் கிடைத்த தோட்டாப் பெட்டி. கிளப்பிலேயே, எல்லாருக்கும் எதிரிலேயே சுடுவதுதானே என்று செயலாளரிடம் சொல்லி அனுமதியும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். "அக்கா, இதுல பாதி நீங்க சுடுங்க. இல்லன்னா எனக்கு தூக்கம் வரல," என்றார்.

எனக்கு சிஸ்டரைத் தெரியும் என்று நினைத்தேன். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"குடு," என்று கையை நீட்டினார். "வேணாம்னு சொன்னா பொய்யாய்டும்."

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் அடுத்தடுத்த பாயில் படுத்துச் சுட்டார்கள். போலீஸ்காரிக்கு முழங்கை விலகுகிறது என்று இவர் சொன்னார். இவருடைய வாய் விலகுகிறது என்று அவர் சொன்னார். மறு வருஷம் போட்டியில் இரண்டு பேருமே ஜெயிக்கவில்லை. யாரோ சென்னையிலிருந்து வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வந்தது. கேட்டு வாங்கியதுதான். ஆனால் ஆணை கையில் வந்த அன்றைக்குச் சந்தோஷம் வரவில்லை. அலுவலகத்தில் பிரிவு உபசாரம் வைத்தார்கள். சால்வை, ரோஜா மாலை, மைக். என் அதிகாரி நான் விவசாயிகளின் வீட்டுப் பிள்ளை என்றார். முன்னோடி விவசாயி ஒருவர் நான் வந்த பிறகுதான் மலையில் சாமை விளைந்தது என்றார். என்னோடு மூன்று வருஷம் பேசாமலே இருந்த கணக்கர், நான் அவருக்குக் கூடப்பிறக்காத தங்கை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அதையெல்லாம் கேட்டுத் தலையைக் குனிந்து, அடக்கமாக இருப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வரிசையில் யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்திருந்த சிஸ்டரை யாரோ எழுப்பி விட்டார்கள். அதிகாரி கொஞ்சம் பயத்தோடுதான் மைக்கைக் கொடுத்தார்.

"இவ்ளோ நேரம் பேசினாங்களே, அதுல பாதி இல்லாதது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சாம இவ வர்றதுக்கு முன்னாலயும் வெளஞ்சிது. ஒரு வருஷம் வெத லேட்டாதான் வந்துது, அதுக்கு இவ ஒண்ணும் பண்ண முடில. நல்லா சுட மாட்டா. கோட்ட தொடாத ஓட்டைக்கு சண்ட போடுவா."

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், மறுபடி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவ போறது எனக்கு புடிக்கல. அவ்ளோதான். டீய குடுங்க, ஆறுது."

மேடையில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எதுவும் காதில் விழவில்லை.